இருப்புப் பாதையும் நடைபாதையும்: ருவான்வெல்லையிலிருந்து ஒரு நோக்கு

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக மலைநாட்டுக்குச் செல்லும் பெருந்தெருவில், தெஹியோவிட்டையைக் கடந்தபின் கரவனெல்லை என்னும் சிற்றூர் வருகிறது. அங்கிருந்து யட்டியாந்தோட்டை, கித்துள்கலை, கினிகத்தேனை, ஹற்றன் என்று ஒரு வழி மலையேறுகிறது. மற்றொரு வழி ருவான்வெல்லைக்குத் திரும்புகிறது. மலைக் காட்சிகளைக் காண விரைகின்ற பிரயாணிகள் பெரும்பாலும் முதல் வழியிலேயே போய்விடுவதால், இரண்டு மூன்று கிலோமீற்றர் தூரத்திலுள்ள ருவான்வெல்லையைக் கண்டவர் சிலரே. ஆயினும், ஒரு நாட்டின் போக்குவரத்துச் சரித்திரத்தை ஓரிடத்தில் நின்று படிக்க வேண்டுமாயின், இவ்வூரைப் போன்ற பாடசாலை வேறில்லை எனலாம்.

களனி கங்கையும் குருகொடை ஓயாவும் கூடுகின்ற தாழ்நிலத்தை அண்டி அமைந்தது இவ்வூர். சுற்றிலும் சிறு குன்றுகள். குன்றெங்கும் இறப்பர் மரங்கள். அவற்றினூடே லயங்களை நோக்கி ஏறியிறங்கும் ஒற்றையடிப் பாதைகள். மழை இங்கு விருந்தாளியன்று, வீட்டுக்காரர். மழை பெய்யும் காலையில் பால்வெட்டு நின்றுவிடும். பால்வெட்டு நின்றால் அன்றைய கூலியும் ஐயத்துக்கு உரியதாகிவிடும். மழையையும் வழியையும் நம்பியே இப்பகுதி மக்களின் சீவியம் நடந்து வருகிறது.

ஆறே தெருவாக இருந்த காலம்

இருப்புப் பாதையும் கற்தெருவும் தோன்றுவதற்கு முன்னர் களனி கங்கையே இப்பிரதேசத்தின் இராசபாட்டையாக விளங்கிற்று. கொழும்பிலிருந்து படகுகள் ஆற்றை எதிர்த்து ருவான்வெல்லை வரை வந்து போயின. கண்டி இராச்சியத்தின் எல்லைக்கு அண்மையில் இருந்தமையால், பாக்கு முதலிய பண்டங்கள் கைமாறும் இடமாகவும், படைகள் தங்கிச் செல்லும் இடமாகவும் இது இருந்தது. 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் இங்கு அமைத்த கோட்டையின் வளைவு வாயில் அக்காலத்தை இன்றும் நினைவூட்டுகின்றது. போர்க் கோட்டையாக எழுந்த இடம் பிற்காலத்தில் வழிப்போக்கர் தங்கும் விடுதியாக மாறியதைக் கேட்கும்போது, காலம் செய்யும் விந்தையை எண்ணி நகைக்கத் தோன்றும்.

படகு மெதுவாகப் போகும். வெள்ளம் வந்தால் போகவே மாட்டாது. ஆனால் படகு வருவதற்காக எவரும் மற்றொருவருடைய வாசலைத் தோண்டவில்லை. தோண்டிப் போடும் வழி பிற்காலத்து நாகரிகத்தோடு வந்தது. அதனால் விளையும் நன்மையும் துன்பமும் ஒரே வண்டியில் ஏறியே வருகின்றன.

சிறு பாதை வந்த கதை

1880களில் களனிப் பள்ளத்தாக்கிலே தேயிலைத் தோட்டங்கள் பெருகின. அதன்பின் இறப்பர் வந்தது. காட்டை வெட்டித் தோட்டமாக்கியவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த எம் மூதாதையர். தோட்டத்து விளைவைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லப் படகும் மாட்டுவண்டியும் போதாவென்று தோட்டத் துரைமார் இருப்புப் பாதை கேட்டனர். கேட்டவுடனே கிடைத்துவிடவில்லை. பாதையை எவ்வளவு அகலத்தில் போடுவது என்பதே பெரிய வாதமாக நீண்டது. இலங்கையின் ஏனைய பாதைகள் 5 அடி 6 அங்குல அகலமுடையவை. அதே அகலத்தில் போட்டால் செலவு மிகும்; குறுகிய பாதையாயின் வளைந்து நெளிந்து குன்றுகளைச் சுற்றிப் போகலாம், செலவும் குறையும். இறுதியில், ஆளுநர் ஸர் வெஸ்ட் றிட்ஜ்வே காலத்தில், 2 அடி 6 அங்குலப் பாதையே தெரிந்தெடுக்கப்பட்டது. 1902இல் அவிசாவளைக்கும் 1903இல் யட்டியாந்தோட்டைக்கும் சிறிய புகையிரதம் ஓடத் தொடங்கிற்று. மற்றொரு கிளை 1912இல் இரத்தினபுரியையும், 1919இல் ஓப்பநாயக்கவையும் எட்டியது.

இன்று உலகெங்கும் "இலகு ரயில்" என்று பேசப்படுகிறதே, அதற்கு இந்தச் சிறு வண்டியை ஒரு பாட்டனார் முறையிலே சேர்க்கலாம். 1920களில் இப்பாதையில் ஓடிய இலேசான நீராவி வண்டிகள், இயந்திரமும் பயணிகள் பெட்டியும் ஒன்றாய் இணைந்தவையாய், குறைந்த செலவில் ஊருக்கு ஊர் ஆட்களை ஏற்றியிறக்கின.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யட்டியாந்தோட்டைக்குப் போன அப்பாதை ருவான்வெல்லையைத் தொடவில்லை. கரவனெல்லை வழியாகவே சென்றது. பழைய படகுத்துறையும் கோட்டையும் சந்தையும் உடைய ஊர் ஒரு புறம் ஒதுங்கி நின்றது. வண்டி பிடிக்க வேண்டியவர்கள் கரவனெல்லைக்கு நடந்தார்கள். தோட்டங்களிலிருந்து வந்தவர்களோ அதற்கு மேலும் பல மைல் நடந்தார்கள். இருப்புப் பாதையைக் கேட்டவர்கள் மூட்டைகளைக் கணக்கிட்டுக் கேட்டார்கள். மூட்டை சுமந்தவர்களின் கால்களைக் கணக்கிடவில்லை. பாதை எங்கே போகிறது என்பதைத் தீர்மானிப்பவர் ஒருவர், அதனால் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதை அனுபவிப்பவர் மற்றொருவர். இந்த நியதி அன்று தொடங்கி இன்றுவரை பெரிதாக மாறிவிடவில்லை.

1934, 1935ஆம் ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் கேகாலைப் பகுதியைச் சூறையாடிற்று. நிவாரண வேலைக்கு வந்தவர்களுள் கலாநிதி என். எம். பெரேராவும் ஒருவர். மருந்தும் உணவும் வண்டியிலே வரலாம். ஆனால் குடிசை வாசலுக்கு அவை போய்ச் சேர ஒருவர் நடந்தே ஆகவேண்டும். 1936இல் ருவான்வெல்லைத் தொகுதி மக்கள் அவரை அரசாங்க சபைக்குத் தெரிவு செய்தனர். தம் வாசலுக்கு நடந்து வந்தவரை மக்கள் மறப்பதில்லை என்பதற்கு இது ஒரு சான்று.

இரண்டாம் உலகப் போர் நடந்த 1942ஆம் ஆண்டில், அவிசாவளைக்கும் யட்டியாந்தோட்டைக்கும் இடைப்பட்ட பாதை மூடப்பட்டது. பின்னர் அது மீளவில்லை. நாற்பது ஆண்டுகூட நிறையாத ஆயுள்! 1970களில் இரத்தினபுரி, ஓப்பநாயக்கப் பகுதியும் கைவிடப்பட்டது. எஞ்சிய அவிசாவளைப் பாதை 1990களில் அகலப் பாதையாக மாற்றப்பட்டது. பழைய சிறு வண்டிகளைக் காண விரும்பும் மாணவர்கள் கடுகண்ணாவையிலுள்ள புகையிரத நூதனசாலைக்குத்தான் போகவேண்டும்.

ஓடாமலே நின்ற வண்டி

இன்று ருவான்வெல்லையிலிருந்தும் அயல் தோட்டங்களிலிருந்தும் எத்தனையோ இளைஞரும் யுவதிகளும் வேலை தேடிக் கொழும்புக்குப் போகின்றனர். நோயாளிகள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகின்றனர். மாணவர்கள் பரீட்சைக்கும் மேற்படிப்புக்கும் போகின்றனர். பஸ்ஸில் அவிசாவளைக்கு வந்து, அங்கே புகையிரதம் ஏறினால், கொழும்பு கோட்டையை அடைய இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகிறது. பஸ்ஸிலேயே தொடர்ந்தால் நகரத்தை நெருங்க நெருங்க வண்டி நகர மறுக்கிறது. காலைப் பொழுதில் கொழும்பின் வாயில்களில் நிற்கும் வாகன வரிசையைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்நெருக்கடியைத் தணிக்கவே மாலபேயிலிருந்து பத்தரமுல்லை, இராஜகிரிய, பொரளை வழியாகக் கோட்டைக்கு, தூண்களின் மேல் ஓடும் இலகு ரயில் ஒன்று திட்டமிடப்பட்டது. நீளம் ஏறத்தாழ 16 கிலோமீற்றர், நிலையங்கள் 16. ஜப்பானின் சர்வதேச ஒத்துழைப்பு நிறுவனம் இதற்குக் கடன் தர முன்வந்து 2019 மார்ச் மாதத்தில் முதற் பகுதிக்கு ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. நூற்றுக்கு 0.1 வீத வட்டி; திருப்பிச் செலுத்த 40 ஆண்டு; அதில் முதல் 12 ஆண்டு சலுகைக் காலம். இவ்வளவு இலகுவான நிபந்தனையில் கடன் கிடைப்பது அரிது. ஆயினும் செலவு மிகுதி என்றும், கொழும்புக்கு இது பொருத்தமான வழியன்று என்றும் கூறி, 2020 செப்டெம்பரில் அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவின் அரசாங்கம் இத்திட்டத்தை நிறுத்திவிட்டது. பின்னர் வந்த ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 2023 மே மாதத்தில் ஜப்பானுக்குச் சென்றபோது இதற்காக வருத்தம் தெரிவித்தார். வருத்தத்தில் ஏறி எவரும் கோட்டைக்குப் போய்ச்சேர முடியாதன்றோ?

தாமதங்களுக்குள்ளே மிகப் பெரிய தாமதம், ஒரு வேலை தொடங்காமலே நின்றுபோவதுதான். அதன் இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. தெருவில் பள்ளமில்லை, தகரத் தடுப்பில்லை, தூசியில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பயணியிடமிருந்தும் அரை மணி, ஒரு மணி என்று ஆயுள் கழிந்துகொண்டே போகிறது.

கட்டியவர்கள் பட்ட பாடு

அப்படியாயின் கட்டியே தீரவேண்டும் என்று பாய்ந்துவிடலாமா? கட்டிய நகரங்களின் கதையையும் கேட்டுவிட்டே முடிவுக்கு வருவோம்.

ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரில் தெருவில் ஓடும் ட்ராம் பாதைக்கான பெருவேலை 2008இல் தொடங்கியது. 2011இல் ஓடும் என்றார்கள். ஓடியதோ 2014 மே 31இல். ஏறத்தாழ 14 கிலோமீற்றர் பாதைக்கு 77 கோடியே 60 இலட்சம் பவுண் செலவாயிற்று. முதலில் எண்ணிய பாதையின் ஒரு பகுதியை வெட்டிவிட்ட பின்னரும் இவ்வளவு செலவு. நகரின் அழகிய பிரின்சஸ் வீதி தோண்டப்பட்டு, மூடப்பட்டு, மறுபடியும் தோண்டப்பட்டது. இத்தனைக்கும் காரணம் யாதென ஆராய 2014இல் அறிவிக்கப்பட்ட விசாரணை, 2023இலேதான் அறிக்கை தந்தது. பாதை போட்ட காலத்திலும் விசாரித்த காலமே நீண்டுவிட்டது!

அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 2015இல் தொடங்கிய இலகு ரயில் வேலை 2019இன் முற்பகுதியில் முடியும் என்று சொல்லப்பட்டது. ஒரு கிளை 2019 டிசெம்பரிலும் மற்றக் கிளை 2020 ஏப்ரலிலும் திறக்கப்பட்டன. 160 கோடி டொலரில் முடியும் என எண்ணிய வேலை ஏறத்தாழ 290 கோடி டொலரை விழுங்கிற்று. கனடாவிலே, எம்மவர் பெருந்தொகையாக வாழும் ஸ்காபரோவின் கென்னடி நிலையத்தை ரொறன்ரோவின் மேற்குப் புறத்தோடு இணைக்கும் எக்ளின்டன் பாதை 19 கிலோமீற்றர் நீளமுடையது. 2011இல் தொடங்கிய அவ்வேலை 2020இல் நிறைவேறும் என்றார்கள். 2025ஆம் ஆண்டு முடிந்தபோதும் அதில் பயணிகள் ஏறவில்லை. பிள்ளை பாலர் வகுப்பில் சேர்ந்த நாளில் தோண்டிய தெரு, அப்பிள்ளை பல்கலைக்கழகம் புகும் வயது வரை தடுப்பு வேலிகளோடு கிடந்ததென்றால், அவ்வீதியில் கடை வைத்தவர் பாடும் நடந்து போனவர் பாடும் எத்தகையவை என்பதை வாசகர்களே உணரலாம்.

செல்வமும் தொழில்நுட்பமும் நிறைந்த இந்நகரங்களில் ஏன் இவ்வாறு நேர்ந்தது? இரகசியம் தெருவின் மேலே இல்லை, கீழே இருக்கிறது. தண்டவாளம் பதிக்க வேண்டுமானால், அவ்விடத்தில் மண்ணுக்குள் ஓடும் நீர்க்குழாய், கழிவுநீர்க் குழாய், மின்வடம், தொலைபேசி வடம் ஆகியவற்றை முதலில் அப்புறப்படுத்த வேண்டும். இல்லாவிடின் பின்னொரு நாள் குழாய் வெடித்தால் வண்டியை நிறுத்தித் தண்டவாளத்தைப் பெயர்க்க நேரிடும். ஆனால் நூறு ஆண்டுகளாக எவரெவரோ புதைத்தவை யாவும் படத்தில் இருப்பதில்லை. படத்தில் ஓரிடம், மண்ணில் வேறிடம். ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் வெவ்வேறு. ஒருவர் வந்து தம் குழாயைப் பார்க்கும்வரை மற்றவர் கைகட்டி நிற்பார். குத்தகைக்காரர் கூடுதற் பணம் கேட்பார், வழக்கு எழும். சிட்னியில் மின்வடங்களைப் பற்றி எழுந்த பிணக்கு, குத்தகை நிறுவனத்துக்கு 57 கோடியே 60 இலட்சம் டொலர் கொடுத்தே 2019இல் தீர்க்கப்பட்டது.

தூண்களின் மேல் ஓடும் பாதையாயின் இத்தொல்லை குறையும், ஒழிந்துவிடாது. ஒவ்வொரு தூணுக்கும் ஆழமான அடித்தளம் வேண்டும். அந்த இடத்துக் குழாய்களை நகர்த்தவேண்டும். தூண் எழும்வரை தெருவின் நடுப்பாகம் வேலைக்காரருக்கு உரியது. வாகனங்கள் ஓரத்துக்குத் தள்ளப்படும். ஓரத்தில் நடந்தவர் எங்கே தள்ளப்படுவார்?

கணக்கில் வராதவர்

இக்கேள்வியே இக்கட்டுரையின் மையம். தெருவை மூடும்போது வாகனங்களுக்கு மாற்று வழி வரையப்படுகிறது, அம்புக்குறி நாட்டப்படுகிறது, பொலிசார் நிறுத்தப்படுகின்றனர். பாதசாரிக்கோ, "இவர் எப்படியும் போய்விடுவார்" என்ற நம்பிக்கை ஒன்றே மாற்று வழி. அவரும் எப்படியோ போய்விடத்தான் செய்கிறார்: பலகை மீது தாவி, சேற்றில் கால் வைத்து, பஸ்ஸுக்கும் தகரத் தடுப்புக்கும் நடுவே உடலை ஒடுக்கி. போய்விட்டபடியால் அவர் பட்ட துன்பம் ஒரு கணக்கிலும் ஏறுவதில்லை. காலதாமதத்தை நாட்களாலும் கோடிகளாலும் அளக்கின்றனர். முழங்கால் நோவுடைய பாட்டி ஒருத்தி, தரிப்பிடம் இடம் மாறியதால் நடக்க நேர்ந்த அதிகப்படி அரை மைலை எவரும் அளப்பதில்லை. கண்பார்வையற்றவர் கைத்தடியால் பழகி வைத்திருந்த வழி ஓரிரவில் மாறிப்போவதை எவரும் முன்னறிவிப்பதில்லை.

ஊர்ப்புறத்தில் வாழ்வோர் இதனை நன்கறிவர். இறப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுபவர் ஒருவர் ஒரு காலையில் 250 முதல் 300 மரங்கள் வரை நடந்து நடந்து வெட்டுகிறார். பிறகு அதே மரங்களுக்குத் திரும்ப நடந்து சிரட்டைப் பாலை வாளியில் சேர்க்கிறார். வாளியோடு நடந்து பால் நிறுக்கும் இடத்துக்குப் போகிறார். சரிவில் ஒரு கல் பெயர்ந்தால் அவருக்கு எவ்வளவு இடையூறு என்பது மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. கொழும்பு வீதியில் கல் பெயர்ந்து கிடப்பதும் அத்தகையதே. அதனாற்றான், நகரத்துப் பாதசாரியின் துன்பத்தைத் தோட்டத்துப் பிள்ளை எளிதில் உணர்ந்துகொள்கிறது. பெரும்பாலும் அந்தப் பாதசாரி அதே தோட்டத்திலிருந்து போன அண்ணனோ அக்காளோதான்.

ஆகவே என் கருத்து இது: இடையூறு வரும் என்பதற்காக நல்ல வேலையைக் கைவிடுதல் பேதைமை. களனிப் பள்ளத்தாக்கு பாதையை இழந்து எண்பது ஆண்டுகள் கடந்தன. இழந்ததால் இலாபம் அடைந்தோம் என்று இங்கே சொல்பவர் எவருமிலர். ஆனால், வேலையைத் தொடங்குமுன் நடப்பவருக்கு வழி விட்டுவிட்டே தோண்டவேண்டும். இதற்குப் பெரிய மேதைமை வேண்டியதில்லை. மண்ணுக்குள் என்ன இருக்கிறதென்று தெருவை ஒப்படைப்பதற்கு முன்னரே சோதித்தறிதல், முழுத் தெருவையும் ஒரே நாளில் அடைக்காது பகுதி பகுதியாக எடுத்து முடித்து மூடுதல், இருவர் எதிரெதிரே போகக்கூடிய மேடான நடைபாதை, இரவில் விளக்கு, மழைநீர் வடிய வாய்க்கால், பஸ் தரிப்பிடம் மாறுமுன்னர் மூன்று மொழியிலும் அறிவிப்பு: இவ்வளவே. சப்ரகமுவ மழையை அறிந்த எவரும் அந்த வாய்க்காலை மறக்கமாட்டார்.

குத்தகைப் பத்திரத்திலேயே இவை எழுதப்பட வேண்டும். எழுதாத கருணைக்கு ஆயுள் குறைவு. இரும்பு எத்தனை தொன், சீமெந்து எத்தனை மூட்டை என்று எழுதுகிறவர்கள், நடைபாதை எத்தனை அடி என்றும் ஒரு வரி எழுதினால் பேனா தேய்ந்துவிடாது.

இலங்கையில் இலகு ரயில் என்றோ ஒருநாள் வரும். மாலபேக்கு வரலாம், வேறு வழியிலும் வரலாம். அதை வரையப் போகும் பொறியியலாளர் இன்று இப்பத்திரிகையைப் படிக்கும் மாணவருள் ஒருவராகவும் இருக்கக்கூடும். அவருக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த விடுமுறையில் கரவனெல்லையில் இறங்கி ருவான்வெல்லை வரை நடந்து பாருங்கள். முன்பு வண்டி போன இடத்தைப் பெரியவர்களிடம் கேட்டறியுங்கள். படகு போயிற்று, கோட்டை விடுதியாயிற்று, சிறு வண்டி நூதனசாலை புகுந்தது. பிள்ளையை இடுப்பில் ஏந்தி ஆஸ்பத்திரிக்குப் போகும் தாய் மட்டும், அன்று நடந்தது போலவே இன்றும் தெருவோரமாக நடந்து போகிறாள். வரைபடத்தில் முதற் கோடு எங்கே இடவேண்டும் என்பது அவள் நடப்பதைப் பார்த்தாலே விளங்கும்.